நாமக்கோழிக் கூட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பறவை – இது என்ன?

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 10.20

வணக்கம். இன்று காலை ஏரியில் ஒரு பறவையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் வேறு வேலை ஓடவில்லை. 10 வருடமாக இதே கரையில் நின்று பார்க்கிறேன், இப்படி ஒன்று கண்ணில் பட்டதே இல்லை.

நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. எண்ணியதில் 63. அந்தக் கறுப்புக்கு நடுவே பளீரென்று ஒரு வெள்ளை. பிளாஸ்டிக் பை ஏதோ மிதக்கிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தலையைத் திருப்பியது! உடனே பைனாகுலரைத் தூக்கினேன் (8×42). தூரம் எப்படியும் 150 மீட்டர் இருக்கும்.

பார்த்ததைச் சொல்கிறேன். அளவில் பக்கத்தில் இருந்த நாமக்கோழிகளுக்குச் சரிசமம். தலை, கழுத்து, உடம்பு எல்லாம் வெள்ளை. முதுகில் அங்கங்கே கரி பூசியது போலத் திட்டு, கழுத்தின் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை. அலகு எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை, முகத்தோடு கரைந்துவிட்டது. இரண்டு மூன்று முறை தண்ணீருக்குள் போய் வந்தது. நாமக்கோழிகள் அதை விரட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை.

இரண்டு படம் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழுந்திருக்கிறது, மன்னிக்கவும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டான் | ஞாயிறு, காலை 10.41

வீட்டில் வளர்க்கும் வெள்ளை வாத்து தப்பி வந்திருக்கும். ஏரிகளில் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான்.

மணிப்புறா | ஞாயிறு, காலை 11.05

கறுப்புக் கோடு போட்ட வெள்ளைப் பறவை, தண்ணீருக்குள் மூழ்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்ம்யூ ஆண் வாத்து. ஐரோப்பா, ஆசியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் சின்ன வாத்து. உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, முதுகிலும் பக்கவாட்டிலும் கறுப்புக் கோடு. உறைந்த பனிக்கட்டியில் விரிசல் விட்டது மாதிரி இருக்கும். அதுவாக இருந்தால் பெரிய செய்தி. கண்ணைச் சுற்றி என்ன நிறம் என்று கவனித்தீர்களா?

நாணல் | ஞாயிறு, பிற்பகல் 1.30

ஏரிக்கரை அண்ணா, நிறத்தை இப்போதைக்கு ஒரு ஓரமாக வைத்துவிடுவோம். நிறம்தான் முதலில் கண்ணை இழுக்கும், ஆளைக் குழப்புவதும் அதுதான். அந்தப் பறவை முழுக்கக் கறுப்பாக இருந்தது என்று வைத்துக்கொண்டு ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

நீந்தும்போது தலை ஆடாமல் இருந்ததா, ஒவ்வொரு உதைக்கும் முன்னும் பின்னும் ஆடியதா? முதுகு வாத்துக்கு இருப்பது போல நீளமாகத் தட்டையாக இருந்ததா, உருண்டு வாலை நோக்கிச் சரிந்ததா? மூழ்கும்போது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனதா, ஒரு எம்பு எம்பித் தலைகுப்புறப் போனதா? திரும்ப வந்தது எங்கே, போன இடத்திலேயேவா, தள்ளியா? வாயில் ஏதாவது இருந்ததா?

இதற்கெல்லாம் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படம் வெளிறிப்போனதற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் கறுப்புப் பறவைகளும் இருண்ட தண்ணீருமாக இருப்பதால், கேமரா காட்சி இருட்டாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் வெளிச்சத்தில் வெள்ளை இறகின் விவரம் எல்லாம் எரிந்துபோகும். அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், முடிந்தால் ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். நாமக்கோழிகள் கரிக்கட்டையாகத் தெரியும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது அந்த ஒன்றின் முகம்.

ஏரிக்கரை | ஞாயிறு, மாலை 6.15

நாணல், பறவை பார்க்கும்போது ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தேன். நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"தலை முன்னே பின்னே ஆடுகிறது, பக்கத்துக் கோழி மாதிரியே. சின்னத் துள்ளல், உள்ளே. பத்து எண்ணுவதற்குள் மேலே. அதே இடம். வாயில் பச்சையாகப் பாசிக்கொடி. உடனே ஒரு வாத்து வந்து பிடுங்கியது."

முதுகைப் பற்றி எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் உருண்டைதான். வால் இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு நிச்சயமாக இல்லை.

மணிப்புறா | ஞாயிறு, மாலை 6.50

அப்படியானால் ஸ்ம்யூவை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது மீன் பிடிக்கிற வாத்து. மெல்லிய அலகு, நுனியில் கொக்கி, ஓரத்தில் ரம்பப் பல். அது பாசிக்கொடியைக் கொண்டுவந்து மேலே வைத்துத் தின்னாது. வெள்ளை உடம்போடு, கண்ணைச் சுற்றிய கறுப்பு இல்லாத ஆண் ஸ்ம்யூவும் கிடையாது.

நாணல் | ஞாயிறு, இரவு 7.25

ஒரு வாத்து வந்து பிடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது அருமையான குறிப்பு. ஆழத்தில் இருக்கும் செடியை எட்ட முடியாத வாத்துகள் நாமக்கோழிக்குப் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும். கோழி மூழ்கிக் கொண்டுவந்ததும் வாயிலிருந்து பறித்துக்கொள்ளும். கேட்வால், விஜியன் இரண்டும் இதற்குப் பேர்போனவை. அந்த வாத்துக்கு வெள்ளைப் பறவையைப் பார்த்துக் குழப்பம் வரவில்லை. நாமக்கோழியிடம் நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டிருக்கிறது.

என் கணிப்பு உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஆனால் அலகையும் காலையும் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

தட்டான் | ஞாயிறு, இரவு 8.10

வாத்துக்கும் நாமக்கோழிக்கும் பிறந்த கலப்பாக இருக்கலாமே? வாத்துகளில் கலப்பு சகஜம் என்று படித்திருக்கிறேன்.

நாணல் | ஞாயிறு, இரவு 8.45

வாத்துக்குள் வாத்து கலப்பது சகஜம்தான் தட்டான், அது சரி. ஆனால் நாமக்கோழி வாத்தே இல்லை. தண்ணீரில் மிதப்பதால் நாம் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அது தாழைக்கோழி, கானாங்கோழி வகையறா. அந்தக் குடும்பம், பெயரில் மட்டும் கொக்கு என்று இருக்கும் பெரிய சாரசக் கொக்கின் வரிசையில் சேரும். வாத்து வரிசையே வேறு. இரண்டும் பிரிந்து பல கோடி வருடமாகிவிட்டது. அந்தக் கலப்புக்கு வழியே கிடையாது.

ஏரிக்கரை | செவ்வாய், காலை 9.30

இன்று மறுபடி போனேன். ஐந்தரைக்கே கரையில் இருந்தேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் கூட்டம் மேற்குக் கரைப் பக்கமாக ஒதுங்கி வந்தது, 60 மீட்டருக்குள். நாணல் சொன்னபடி ஒன்றரை ஸ்டாப் குறைத்தேன். புதுப் படம் நான்கு போட்டிருக்கிறேன், மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அலகு தெரிகிறது! நான் முகம் என்று நினைத்ததில் பாதி முகமே இல்லை. அலகிலிருந்து நெற்றி வரை ஒரு வழவழப்பான தகடு, தந்தத்தில் செய்தது மாதிரி. அதற்கு மேலே தொடங்குவதுதான் இறகு. இறகின் வெள்ளை கொஞ்சம் பழுப்பேறி மங்கலாக இருக்கிறது, தகட்டின் வெள்ளை பளிச்சென்று, லேசான ரோஜா நிறத்தோடு இருக்கிறது. முதல் நாள் படத்தில் இரண்டும் ஒன்றாக எரிந்துபோனதால்தான் அலகே தெரியாமல் போயிருக்கிறது.

இன்னொன்று, கண் சிவப்பாக இருக்கிறது.

கருஞ்சிட்டு | செவ்வாய், காலை 10.02

வெள்ளை உடம்பு, சிவந்த கண். அல்பினோ நாமக்கோழி! வாழ்த்துகள் ஏரிக்கரை ஐயா. இழையின் தலைப்பையே மாற்றிவிடலாம்.

நாணல் | செவ்வாய், பகல் 12.15

நாமக்கோழி என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாவது படத்தில் அலகும் நெற்றித் தகடும் சேரும் இடத்தைப் பாருங்கள், இறகு ஒரு ஆப்பு போலக் கூராக உள்ளே இறங்குகிறது. மற்ற நாமக்கோழிகளில் அந்த ஆப்பு கறுப்பு, இதில் வெள்ளை. இடம், வடிவம் எல்லாம் அதேதான்.

ஆனால் கருஞ்சிட்டு, அல்பினோ இல்லை. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அல்பினோ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

வளர்ந்த நாமக்கோழி எதற்குமே கண் சிவப்புதான். பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கோழியின் கண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள், அதே சிவப்பு. குஞ்சுப் பருவத்தில்தான் பழுப்பு. அல்பினோவில் சிவப்பாகத் தெரிவது வேறு. உடம்பில் எங்குமே மெலனின் என்ற கறுப்பு நிறமி இல்லாததால் கண்ணின் உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து, நடுவிலுள்ள பாவையே சிவந்திருக்கும். இந்தப் பறவைக்குச் சிவப்பு வளையத்துக்கு நடுவே பாவை நல்ல கறுப்பு.

அடுத்து, அந்தக் கறுப்புத் திட்டுகள். அல்பினோ என்றால் மெலனினை உடம்பு உண்டாக்கவே முடியாது. ஒரே ஒரு கறுப்பு இறகு இருந்தால்கூட அல்பினோ இல்லை என்று ஆகிவிடும். 'பாதி அல்பினோ' என்று ஒன்று கிடையாது.

இன்னும் ஒரு காரணம் சொல்கிறேன், இது மனசைக் கொஞ்சம் கஷ்டப்படுத்துகிற காரணம். அல்பினோ பறவைகளுக்குப் பார்வை மிகவும் மோசம். வெளிச்சம் கூசும், தூரம் மட்டுப்படாது. பெரும்பாலானவை கூட்டை விட்டு வந்த கொஞ்ச நாளிலேயே செத்துப்போகும். வளர்ந்த அல்பினோ காட்டுப்பறவை கண்ணில் படுவது அவ்வளவு அபூர்வம்.

கருஞ்சிட்டு | செவ்வாய், பகல் 12.40

கறுப்புக் கோழியின் கண்ணைப் பார்த்தேன். அதே சிவப்பு. இத்தனை நாள் நாமக்கோழியின் கண்ணை நான் கவனித்ததே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்படியென்றால் இது லூசிசமா?

வெண்கொக்கு | செவ்வாய், பிற்பகல் 3.20

நான் அதிகம் எழுதுவதில்லை, இந்த விஷயம் பிடித்தது என்பதால் எழுதுகிறேன்.

லூசிசம் என்பது பிறவியிலேயே வருவது. கரு வளரும்போது நிறச் செல்கள் முதுகுப் பக்கத்தில் உருவாகி அங்கிருந்து உடம்பெங்கும் பரவ வேண்டும். சில இடங்களுக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே இறகு வெள்ளையாகிவிடும். கிளம்பிய இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் இடங்கள்தான் முதலில் விட்டுப்போகும்: முகம், இறக்கை நுனி, கால். அதனால் வெள்ளை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். குஞ்சாக இருந்தபோது எப்படியோ, ஆயுள் முழுக்க அப்படியே. கண்ணின் உள்ளே இருக்கும் கறுப்பு வேறு செல்களிலிருந்து வருவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நமக்குத் தலை நரைப்பது போலப் பறவைக்கும் நரைக்கும். ஒரு வயதுக்கு மேல் நிறச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திவிடும். ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை கூடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி, கடைசியில் முழுக்க வெள்ளையாகக்கூட ஆகிவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பைக் கவனிக்கும் ஹைன் வான் க்ரௌ இதைப் பற்றிப் பல வருடமாக எழுதிவருகிறார். வெள்ளைப் பறவை எல்லாம் அல்பினோ இல்லை என்று 2006-இல் ஒரு கட்டுரையே எழுதினார். லூசிசம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் நரைதான் என்பது அவர் கருத்து.

உங்கள் பறவையின் கறுப்பு கழுத்தில் ஒரு பக்கம் மட்டும், முதுகில் சிதறலாக. எனக்கு நரை என்றே படுகிறது. ஆனால் ஒரு நாள் படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த இறகு மாற்றத்துக்குப் பிறகு பார்க்க வேண்டும்.

ஏரிக்கரை | சனி, காலை 11.00

நன்றி வெண்கொக்கு. இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு மேல் கூட்டத்தில் 20 பறவை போலப் புல் மேயக் கரையேறின. நான் கரைமேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன், எழுந்திருக்கவே இல்லை. வெள்ளைக் கோழியும் ஏறியது. 25 மீட்டர்கூட இருக்காது.

காலைப் பார்த்தேன். பச்சை கலந்த சாம்பல் நிறம், மற்றவற்றுக்கு இருப்பது போலவே. வாத்துக்கு விரல்களைச் சேர்த்துச் சவ்வு இருக்குமே, அது இல்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனி, ஓரத்தில் மடல் மடலாகத் தோல். நடுவிரலில் மூன்று மடல் எண்ணினேன். காலைத் தூக்கும்போது அந்த மடல்கள் பின்னால் மடங்கிக்கொள்கின்றன, சேற்றில் வைக்கும்போது விரிகின்றன. வைத்த இடத்தில் பதிந்த அச்சும் அரசிலையை அடுக்கி வைத்தது மாதிரி இருந்தது. அது போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன்.

இறக்கையின் இடப்பக்கம் கறுப்பு இறகு 7 இருந்தது. வெள்ளை இறகுகளின் நுனி எல்லாம் பிசிறு பிசிறாகத் தேய்ந்திருக்கிறது, கறுப்பு இறகுகள் ஓரம் கெடாமல் முழுசாக இருக்கின்றன. ஒரே இறக்கையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

அப்புறம் ஒரு பூனைப்பருந்து தாழ்வாக வந்தது. எல்லாமே தண்ணீரை நோக்கி ஓடின. தண்ணீரை மிதித்துக்கொண்டே படபடவென்று ஓடி, நடுவில் போய் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புத் தீவாகிவிட்டன. வெள்ளை எங்கே என்று தேடினேன். தீவின் நட்டநடுவில் இருந்தது. பருந்து மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனது. அந்த இரண்டு நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை.

வெண்கொக்கு | சனி, பகல் 12.10

மெலனின் நிறத்துக்கு மட்டும் இல்லை, இறகைக் கெட்டியாக்கவும் செய்கிறது. பெலிகன், வெள்ளை நாரை, கடற்புறா எல்லாவற்றுக்கும் உடம்பு வெளுத்திருந்தாலும் இறக்கையின் ஓரமோ நுனியோ கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிகம் தேயும் இடம் அது. நீங்கள் ஒரே இறக்கையில் அதைப் பார்த்துவிட்டீர்கள்.

மணிப்புறா | சனி, பகல் 12.35

எனக்கு இதில் இன்னொன்று தோன்றுகிறது. நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பதால்தானே நாமக்கோழி என்று பெயர். கறுப்பு முகத்தில் அந்த நாமம் ஒரு காதத்துக்குத் தெரியும். இந்தக் கோழிக்கும் நாமம் போகவில்லை, முகம்தான் நாமத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அடையாளம் அதே இடத்தில் இருந்தும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

கருஞ்சிட்டு | சனி, பிற்பகல் 2.00

எந்த ஏரி என்று சொன்னால் நானும் நண்பர்கள் சிலரும் படமெடுக்க வருவோம்.

நாணல் | சனி, பிற்பகல் 2.30

கருஞ்சிட்டு, ஆசை புரிகிறது. ஆனால் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று ஏரிக்கரை அண்ணாவைக் கேட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் கூடு கட்டும் காலம் வரும். தண்ணீரோரக் கோரைக்குள் செடித் தண்டுகளைக் குவித்துக் கட்டும் கூடு அது. ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்தால் அடைகாக்கும் பறவை எழுந்து போய்விடும், அந்த நேரம் பார்த்து முட்டையைக் காகம் கொத்திவிடும்.

ஏரிக்கரை அண்ணா, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் நாமக்கோழி என்றே பதியுங்கள், தனி இனமாக இல்லை. குறிப்புப் பகுதியில் இறகு நிறத்தை விவரித்து, அந்த 7 கறுப்பு இறகின் இடத்தையும் எழுதிப் படத்தைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் இதே பறவைதானா என்று சரிபார்க்க அதுதான் உதவும்.

ஏரிக்கரை | சனி, பிற்பகல் 3.15

பதிந்துவிட்டேன். கருஞ்சிட்டு, வருத்தப்படாதீர்கள். இடத்தைச் சொல்லாததற்கு ஈடாக, எடுத்த படம் அத்தனையும் இங்கே போடுகிறேன்.

ஏரிக்கரை | பத்து மாதம் கழித்து, ஞாயிறு, காலை 9.50

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், காரணம் இருக்கிறது.

இடையில் ஐந்து மாதம் அதைக் காணவில்லை. நாமக்கோழி இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும், சில வாரம் பறக்கவே முடியாது. அந்தச் சமயத்தில் கோரைக்குள் புகுந்தவற்றில் அதுவும் இருக்கும் என்று காத்திருந்தேன். கூட்டம் வெளியே வந்தபோது அது வரவில்லை. பருந்தை நினைத்துக்கொண்டேன், இங்கே எழுத மனசு வரவில்லை.

இன்று காலை மேற்குக் கரைப் பக்கம் 40 நாமக்கோழி. நடுவில் அது!

படம் போட்டிருக்கிறேன், பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்தின் இடப்பக்கப் பட்டை இப்போது ஒரு சின்னப் பொட்டு, ஆனால் அதே இடம். முதுகுத் திட்டு ஒன்றுகூட இல்லை. இடது இறக்கையில் 7 இருந்த கறுப்பு இறகு இப்போது 2.

வெண்கொக்கு | ஞாயிறு, காலை 10.05

நரைதான்.